வட்டம் வட்டமாகவே இருக்கட்டும்!



ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் நம் தோழர்கள் பலரும் கவிதை, நகைச்சுவைத் துணுக்கு, பொன்மொழி என்று கொடுத்து அசத்திவிட்டார்கள். எனக்கு எதுகையும் வராது, மோனையும் வராது. அதனால் இந்த ஒரு வருடமாக நான் எதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேனோ, அதைப் பற்றியே எழுதுகிறேன். பைலட்டுக்கு எதிரே வட்ட வட்டமாக மீட்டர்கள் பதித்த ஒரு பலகை இருக்குமே, அந்தக் 'காக்பிட் பேனல்'! அதைக் கம்ப்யூட்டர் திரையில், அதுவும் இப்போது எங்கே பார்த்தாலும் வந்துவிட்ட அகலத்திரை மானிட்டரில், எப்படி வரைவது என்பதுதான் எங்கள் நால்வர் குழுவின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்.

"போடியில ஏலக்காய் இருக்கு, காபி இருக்கு, மாம்பழம்கூட இருக்கு. ஏரோப்ளேன் எங்கப்பா இருக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நமக்கு ரயிலே 2010 டிசம்பரில் நின்றுபோய், மீட்டர் கேஜை பிராட் கேஜாக மாற்றி, 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் மறுபடி போடி வரை வந்து சேர்ந்தது. விமானம் பார்க்க வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதில் ஏறியதில்லை. அப்பா ஜீப் டிரைவர். விடியுமுன் போடியில் ஆட்களை ஏற்றி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். அம்மா அதே மலையில் காய் எடுக்கும் வேலைக்குப் போகிறார். படிப்பு என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள் நான்தான்.

ப்ராஜெக்ட் தலைப்பைச் சொன்னதுமே வகுப்பில் ஒரு சிரிப்பு எழுந்தது. "டேய், மூணு வருஷம் படிச்சிட்டு கடைசியில கேம்ஸ் வெளாடப் போறீங்களா?" என்றார்கள். எங்களுக்கு நாங்களே பதில் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தேடியபோதுதான் இந்த 'விளையாட்டு' எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது தெரியவந்தது.

1929-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்ற இளைஞர், தன் தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கிடைத்த துருத்திகளையும் குழாய்களையும் வைத்து, தரையை விட்டு எழும்பாத ஒரு பொம்மை விமானத்தைச் செய்து முடித்தார். உள்ளே உட்கார்ந்து கட்டைக் குச்சியைச் சாய்த்தால் அதுவும் சாயும். முதலில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான்! 1934-இல் அமெரிக்க ராணுவ விமானப் படை தபால் பைகளைச் சுமக்க ஆரம்பித்தது. மோசமான வானிலையில், வெளியே எதுவும் தெரியாமல், பைலட்டுகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க் செய்த கருவிகளில் ஆறை வாங்கியது. மேகத்துக்குள் மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுக்கொடுக்க அதுதான் வழி என்று அப்போது புரிந்தது.

அதே 1929-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, ஜிம்மி டூலிட்டில் என்ற பைலட் தன் இருக்கையைத் துணியால் மூடிக்கொண்டு, வெளியுலகை ஒரு கணம்கூடப் பார்க்காமல் விமானத்தை ஏற்றி, சுற்றி, இறக்கிக் காட்டினார். அவருக்குத் துணையாக இருந்தவற்றில் முக்கியமானவை மூன்று: தொடுவானத்தைக் காட்டும் கருவி, திசை காட்டும் கைரோ, உயரத்தை நுட்பமாகக் காட்டும் மீட்டர். ஆக, பேனல் என்பது அலங்காரம் அல்ல நண்பர்களே! கண் மறைக்கப்பட்டவனுக்கு அதுதான் கண்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். 'ஃப்ளைட்கியர்' என்று ஒரு இலவச சிமுலேட்டர் இருக்கிறது. 1996-இல் திட்டமிட்டு, 1997-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. உலகம் முழுவதும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது. யாரும் எடுத்து உள்ளே பார்க்கலாம், மாற்றலாம். அந்த சிமுலேட்டர் வேகம், உயரம், சாய்வு முதலான எண்களை நெட்வொர்க் வழியாக இன்னொரு புரோகிராமுக்கு விநாடிக்குப் பலமுறை அனுப்பித் தரும். ஒரு மானிட்டரில் வெளிக்காட்சி, இன்னொன்றில் நாமே வரைந்த பேனல் என்று வைத்துக்கொள்ளலாம். சில வருடங்களுக்கு முன் படித்த சீனியர்கள் அப்படி ஒரு பேனல் புரோகிராமை அழகாக எழுதிவைத்துப் போயிருந்தார்கள். அவர்கள் காலத்து லேப் மானிட்டர் 15 அங்குலம், 1024-க்கு 768 புள்ளிகள். இப்போது லேபில் இருப்பது 21.5 அங்குலம், 1920-க்கு 1080. பழைய புரோகிராமைப் புதிய மானிட்டரில் ஓட்டினோம். திரை முழுக்க நிரம்பியது. ஆனால் மீட்டர்கள் எல்லாம் முட்டை முட்டையாக நின்றன!

காரணம் எளிது. பழைய திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4-க்கு 3. புதியதில் 16-க்கு 9. படத்தைத் திரை முழுக்க நிரப்பினால் அகலம் 1.875 மடங்கு பெருகும், உயரமோ 1.406 மடங்குதான் பெருகும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மூன்றில் நான்கு, அதாவது 1.333. 200 புள்ளி விட்டமுள்ள வட்டம் 375-க்கு 281 என்ற நீள்வட்டமாகிவிடும்.

"அதனால என்னடா? பாக்க நல்லாத்தான் இருக்கு. முள்ளும் இழுபடுது, நம்பரும் அதே அளவு இழுபடுது. ரீடிங் சரியாத்தான வரும்?" என்றான் எங்கள் குழுத் தோழன். அவன் சொன்னதும் சரிதான். எண்ணைப் படித்துப் பார்த்தால் தப்பே வராது. ஆனால் பைலட் எண்ணைப் படிப்பதில்லை. முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த மீட்டருக்குப் போய்விடுகிறார். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு அல்ல. என் வீட்டில் கிடைத்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுத்தான். தோட்டத்தில் எடுத்த காயை நிறுக்க, தொங்கவிடும் வட்டத் தராசு ஒன்று உண்டு. அதில் உள்ள எண்கள் அம்மாவுக்கு வெறும் கோலம். ஆனால் முள் நேர் கீழே நின்றால் பத்துக் கிலோ, அதிலிருந்து கொஞ்சம் ஏறினால் இவ்வளவு, இன்னும் ஏறினால் இவ்வளவு என்று மனசுக்குள் ஒரு கணக்கு. எடை எழுதுபவர் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிடுவார். அன்றைய கூலி அந்த முள்ளின் சாய்வில் இருக்கிறது! அப்பாவும் அப்படித்தான். ஜீப்பின் டெம்பரேச்சர் மீட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. முள் படுத்திருக்கிறதா, நிமிர்ந்துவிட்டதா, அதுதான் கணக்கு. நிமிர்ந்தால் அடுத்த வளைவில் ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றுவார்.

லேபில் எடுத்த போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏய்யா, தராச யாரோ ஏறி மிதிச்ச மாதிரியில்ல இருக்கு! இதுல எப்படி நிறுத்துப் பாப்பாக?" என்றார். எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் அத்தியாயத்தை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

பிறகு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதலாண்டில் பயந்துகொண்டே படித்த டிரிக்னாமெட்ரிதான் உதவிக்கு வந்தது. அகலம் மூன்றில் நான்கு மடங்காகும்போது, உச்சியிலிருந்து 45 டிகிரியில் நிற்க வேண்டிய முள் 53 டிகிரியில் நிற்கிறது. 3, 4, 5 என்று பள்ளியில் படித்த அதே செங்கோண முக்கோணம்! முள் நேர் மேலே, நேர் கீழே, நேர் இடம், நேர் வலம் என்ற நான்கு நிலைகளில் மட்டும் பொய் இல்லை. இடையில் உள்ள அத்தனை நிலைகளிலும் பார்வை ஏமாறும்.

இதைவிட மோசம், தொடுவானம் காட்டும் கருவி. அதில் மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி மண் நிறம். நடுவில் ஒரு கோடு. விமானம் 30 டிகிரி சாய்ந்தால் கோடும் 30 டிகிரி சாய்ந்து தெரிய வேண்டும். முட்டையாக இழுபட்ட கருவியில் அந்தக் கோடு 23 டிகிரிதான் சாய்ந்து தெரிகிறது. பக்கத்து மானிட்டரில் வெளிக்காட்சியின் தொடுவானமோ சரியாக 30-இல் நிற்கிறது. ஒரே விமானத்துக்கு இரண்டு தொடுவானம்! கோட்டின் சாய்வைப் பார்த்து 30 வரட்டும் என்று திருப்பினால், உண்மையில் 37 டிகிரிக்கு மேல் சாய்த்துவிடுவோம்.

நம்மூர் மலைப்பக்கம் வந்தால் இதன் அர்த்தம் நன்றாகப் புரியும். ஃப்ளைட்கியரில் உள்ள நிலப்பரப்பு கற்பனை அல்ல. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ராடாரால் எடுத்த உயர அளவுகள் அதற்கு அடிப்படை. ஆகவே நம் மலைகளும் அதில் இருக்கின்றன. மதுரையிலிருந்து ஒரு செஸ்னா 172-ஐ ஏற்றி, மேற்கே சற்று வடக்காகத் திருப்பி, 100 நாட் வேகத்தில் விட்டால் அரை மணிக்குள் போடி. ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர். அதைத் தாண்டியதும் மலைச்சுவர்! போடிமெட்டு நாலாயிரத்துச் சொச்சம் அடி, குரங்கணிக்கு மேலே கொழுக்குமலை ஏறக்குறைய எட்டாயிரம் அடி. அந்தச் சரிவை நெருங்கும்போது உண்மையான தொடுவானம் மறைந்துபோகிறது. மலையின் சரிவே தொடுவானம் போலத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கத்திலிருந்து மேகம் முகட்டைத் தாண்டி வழியும்போது அந்தச் சரிவும் தெரியாது. அப்போது நம்புவதற்கு மிச்சமிருப்பது பேனல் ஒன்றுதான். அதுவும் 7 டிகிரி பொய் சொன்னால் எப்படி?

எனவே முதல் விதியை எழுதிக்கொண்டோம்: வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். புரோகிராமில் அது இரண்டே வரிதான். அகலத்துக்கு எத்தனை மடங்கு, உயரத்துக்கு எத்தனை மடங்கு என்று கணக்கிட்டு, இரண்டில் சிறியது எதுவோ அதையே இரு பக்கத்துக்கும் போட வேண்டும். அப்படிப் போட்டால் பழைய பேனல் 1440-க்கு 1080 என்று நடுவில் நிற்கும். இரு பக்கமும் 240 புள்ளி கறுப்பாகக் காலியாக இருக்கும். முட்டை போய்விட்டது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய அகலம் வீணாகிறதே!

அந்த இடத்தை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் குழுவில் பெரிய சண்டை. "இடந்தான் இருக்கே, ஆறு மீட்டரையும் அங்கொண்ணு இங்கொண்ணா தாராளமாத் தள்ளி வைப்போம்" என்றது ஒரு கட்சி. "நெருக்கியே வைக்கணும்" என்றேன் நான். ஏன் என்று கேட்டபோது என்னால் ஒழுங்காக விளக்க முடியவில்லை. 1937 வாக்கில் பிரிட்டிஷ் விமானப் படை ஆறு மீட்டர்களை ஒரே தொகுப்பாக எல்லா விமானத்திலும் வைக்கத் தொடங்கியதும், வேகம், தொடுவானம், உயரம், திரும்புதல், திசை, ஏறி இறங்கும் வேகம் என்ற அந்த ஆறும் இன்றுவரை சிறிய விமானங்களில் சேர்ந்தே இருப்பதும் தெரியும். இடத்தில் வேகம், நடுவில் தொடுவானம், வலத்தில் உயரம், நடுவில் கீழே திசை என்ற ஒழுங்கும் மாறாது. "பழைய ஆளுக செஞ்சாங்கன்னு நாமளும் செய்யணுமா?" என்று தோழன் மடக்கினான்.

பதில் ப்ராஜெக்ட் கண்காட்சி நாளில் வந்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அப்பா சவாரியை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு வந்திருந்தார். அவரை இருக்கையில் உட்காரவைத்து, வெளிக்காட்சியில் பனிமூட்டத்தைப் போட்டேன். திரை வெள்ளையாகிவிட்டது. ஆடி மாதத்துப் போடிமெட்டு மாதிரி!

"இப்ப வெளிய பாக்காதீங்கப்பா. இந்த நடுவுல இருக்கிற வட்டத்தப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெளிய பாக்காத, இதப் பாருங்குற. சரி. இது பொய் சொன்னா?"

பக்கத்தில் நின்ற தோழர்கள் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. இருபது வருடமாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பனிக்குள் ஆள் ஏற்றிப் போகிறவர் கேட்கிற கேள்வி அது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் அம்மாவும் உண்டு.

பிறகு சொன்னேன். இந்த விமானத்தில் தொடுவானமும் திசையும் காட்டும் கைரோக்கள் காற்றை உறிஞ்சும் பம்ப்பால் சுற்றுகின்றன. திரும்புவதைக் காட்டும் கருவி கரண்டில் ஓடுகிறது. வேகமும் உயரமும் வெளிக்காற்றின் அழுத்தத்தால் வேலை செய்கின்றன. பம்ப் நின்று தொடுவானம் மெல்லப் படுத்துவிட்டாலும் மற்றவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். விமானம் நேராகப் போகிறது என்று நடுவட்டம் சொல்லும்போது, திரும்பும் கருவி சாய்ந்திருந்தால் எங்கோ கோளாறு. ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஆறையும் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

"அப்பச் சரி" என்றார் அப்பா. "வண்டியிலயும் அப்படித்தான். முள்ள மட்டும் நம்பக் கூடாது. சத்தத்தையும் கேக்கணும், வாடையும் பிடிக்கணும். ஆனா எல்லாம் கைக்குள்ள இருக்கணும். தேடிக்கிட்டு இருந்தா வளைவு வந்துரும்."

எங்கள் சண்டை அந்த இடத்தில் முடிந்தது. நம் கண்ணுக்குக் கூர்மையான பார்வை நடுவில் உள்ள இரண்டு டிகிரி அளவுதான். மற்றதெல்லாம் மங்கல். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் எங்கள் மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 38 டிகிரி. ஆறு மீட்டரையும் அதில் பரப்பினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கண் ஊர் சுற்றி வர வேண்டும். நெருக்கி வைத்தால் நாலெட்டில் முடிந்துவிடும்.

அப்படியானால் அகலத்தால் என்ன லாபம்? இங்கேதான் எங்களுக்கு ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு ஸ்கேலை எடுத்து அளந்தோம். உண்மையான விமானத்தில் இந்த மீட்டர்களைப் பதிக்கும் துளை மூன்றேகால் அங்குலத்துக்கும் அரைக்கால் அங்குலம் குறைவு, அதாவது சுமார் 7.9 சென்டிமீட்டர். மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் வீதம் விட்டால் மூன்று மீட்டர் கொண்ட வரிசைக்கு 27 சென்டிமீட்டர் வேண்டும். பழைய 15 அங்குல மானிட்டரின் அகலம் 30.5 சென்டிமீட்டர். ஆறு மீட்டரை நிஜ அளவில் வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை. புதிய மானிட்டரின் அகலம் 47.6 சென்டிமீட்டர். ஆறையும் நிஜ அளவில், நிஜ நெருக்கத்தில் வைத்த பிறகும் 20 சென்டிமீட்டர் மிச்சம்! அந்த இடத்தில் எஞ்சினின் சுழற்சி, எண்ணெய் அழுத்தம், எரிபொருள், ரேடியோ எல்லாம் வந்துவிட்டன. அடிக்கடி பார்ப்பது நடுவில், எப்போதாவது பார்ப்பது ஓரத்தில். எங்கள் பேனலில் மீட்டரின் முகம் 320 புள்ளி. காகிதத்தில் 7.9 சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் திரையில் ஒட்டிப் பார்த்தோம். கச்சிதமாகப் பொருந்தியது.

அகலம் கிடைத்தால் இழுத்து நிரப்பக் கூடாது. அதுவரை இடமில்லாமல் சுருங்கிக் கிடந்ததை நிஜ அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு வருடத்தில் நான் கற்றதன் சாரம் இதுதான்.

இன்னும் சில நுட்பங்களையும் ஜூனியர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். வேக மீட்டரின் முள் வேகத்துக்கு நேர்விகிதத்தில் சுற்றாது. எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரி என்று அட்டவணை போட்டு, நடுவில் உள்ளவற்றைக் கணக்கிட வேண்டும். செஸ்னா 172 எஸ் மாடலில் பச்சை வில் 48 முதல் 129 நாட் வரை, மஞ்சள் 163 வரை, அங்கே சிவப்புக் கோடு. பைலட் பார்ப்பது இந்த நிறங்களைத்தான். மூன்று முள் உள்ள பழைய உயரமானியில் பத்தாயிரத்தைக் காட்டும் சின்ன முள்ளைக் கவனிக்காமல் பத்தாயிரம் அடி தப்பாகப் படித்துவிடும் அபாயம் உண்டு. அதனால் அந்த முள்ளை மற்றவற்றின் அடியில் ஒளித்துவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 விமானங்களைத் தரையிறக்கிய பிறகு, இறக்கைத் தட்டை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்ட பைலட்டுகள் பலர். எல்லோரும் அவர்களைத்தான் குறை சொன்னார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியல் அறிஞர் போய்ப் பார்த்தார். இரண்டு ஸ்விட்சும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன! ஒன்றுக்குச் சக்கர வடிவத்திலும் மற்றதற்கு ஆப்பு வடிவத்திலும் குமிழ் வைக்கச் சொன்னார். கையே கண்டுபிடித்துக்கொண்டது. சரியாக வடிவமைக்காத பொருளைச் செய்துவிட்டுப் பயன்படுத்துகிறவனைத் திட்டுவது நியாயமில்லை. நாளைக்கு நாம் எந்த வேலைக்குப் போனாலும் மனதில் வைக்க வேண்டிய பாடம் இது.

உண்மையான விமானங்களும் இப்போது திரைக்கு மாறிவிட்டன. 2001 ஜனவரி 4-இல் முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸில் வட்ட மீட்டர் வரிசைக்குப் பதில் திரைகள்தான். பெங்களூரில் உள்ள ஏ.டி.இ. நிறுவனம் அதற்கு சிமுலேட்டர் செய்தது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தில் 20 அங்குல அகலம், 8 அங்குல உயரத்தில் ஒரே நீளத் திரை! ஆனால் திரை எவ்வளவு மாறினாலும், இடத்தில் வேகம், நடுவில் தொடுவானம், வலத்தில் உயரம் என்ற பழைய ஒழுங்கைச் சிறிய விமானங்களின் திரைகளில்கூட விட்டுவிடவில்லை. அங்கே அகலத்தைத் தொடுவானக் கோட்டை நீளமாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். நீளமான கோட்டில் சின்னச் சாய்வுகூடச் சட்டென்று தெரியும்.

இந்தக் கட்டுரை அச்சாகும்போது எங்கள் வகுப்பு கலைந்துகொண்டிருக்கும். உறவுக்காரர்கள், "பையன வண்டியில ஏத்திவிடு, உனக்கும் கண்ணு மங்குது" என்று அப்பாவிடம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்குச் சாயங்கால வெளிச்சத்தில் எதிர்வண்டி சரியாகத் தெரிவதில்லை. வீட்டுச் செலவு அந்த ஜீப்பில்தான் ஓடுகிறது. எனக்கோ நேரடி இரண்டாமாண்டில் பி.இ. சேர ஆசை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர் யாருமில்லை. எது எவ்வளவு தூரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. நானும் ஒரே மீட்டரை நம்பாமல், மதிப்பெண், வங்கிக் கடன், உதவித்தொகை, அப்பாவின் கண் ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடை விடுமுறையில் ஆபரேஷன் முடியும்வரை ஜீப்பை நான் ஓட்டுவது, கவுன்சலிங்குக்கும் விண்ணப்பிப்பது என்று இப்போதைக்கு வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. பேட்ஜ் கிடைக்கும்வரை ஆள் ஏற்றாமல் மூட்டை மட்டும்தான் ஏற்ற வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு!

ஜூனியர் தம்பி, தங்கைகளே! எங்கள் புரோகிராமையும் படங்களையும் அளவுகளையும் லேப் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுப் போகிறோம். நாளைக்கு 21-க்கு 9 என்று இதைவிட நீளமான மானிட்டர் வந்து இறங்கும். அதில் ஓட்டிப் பார்க்கும்போது எங்கள் பேனலும் உங்களுக்குப் பத்தாமல் போகும். தயங்காமல் மாற்றுங்கள். மாற்றும் முன்பு ஒரு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்து பாருங்கள். மாற்றிய பிறகு, எண் படிக்கத் தெரியாத ஒருவரை அழைத்து வந்து ஒரே ஒரு விநாடி காட்டிவிட்டு, முள் எங்கே நின்றது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் உங்கள் பேனல் பாஸ்!

– இறுதியாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை